மட்டக்களப்புத் தொகுதியின் இரண்டாவது புள்ளடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய தொகுதிமுறையை ஏதேனும் ஒரு வடிவில் மீளக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எழும் போதெல்லாம், எங்கள் பழைய மட்டக்களப்புத் தேர்தல் தொகுதியைப் பற்றிய இரண்டு தவறான கூற்றுகளும் கூடவே எழுகின்றன. அது தொடக்கத்திலிருந்தே இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது என்பது ஒன்று. அதில் ஓர் ஆசனம் தமிழருக்கும் மற்றையது முஸ்லிம்களுக்கும் எனச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. அண்மையில் ஒரு பொதுக் கூட்டத்தில் நன்கு படித்த ஒருவரே இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டேன். அந்தத் தொகுதியின் கடைசி வாக்கெடுப்பில் என் முதல் வாக்கை அளித்தவன் என்ற முறையிலும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியியல் கற்பித்தவன் என்ற முறையிலும், இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இலங்கையின் அக்கால அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின்கீழ் 1947 இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது மட்டக்களப்பு ஓர் அங்கத்தவரை மட்டுமே தெரிவுசெய்யும் தொகுதியாக இருந்தது. மாகாணமொன்றில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேலதிகமாக ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் என்ற கணக்கில், பரந்து கிடந்தும் மக்கள் தொகை குறைந்திருந்த கிழக்கு மாகாணத்துக்கு ஏழு தொகுதிகள் கிடைத்தன. அம்பாறை அப்போது தனி மாவட்டமாகப் பிரிந்திருக்கவில்லை. அது 1961 இலேயே நிகழ்ந்தது. ஆகவே கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில் என்ற ஐந்தும் ஒரே மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. அந்தத் தேர்தலில் வாக்குச் சீட்டில் சின்னங்கள் இருக்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களிக்கும் வழக்கமும் அப்போது இல்லை. அது 1960 மார்ச்சில்தான் வந்தது.

1947 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் அகமது லெப்பை சின்னலெப்பை இத்தொகுதியில் வென்றார். 1952 இல் சுயேச்சையாக நின்ற ஆர். பி. கதிராமர் வென்றார். 1956 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் செல்லையா இராசதுரை வென்று, அதன்பின் தொடர்ந்து மூன்று தசாப்தங்களுக்கு மேல் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தார். இந்த மூன்று தேர்தல்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஓர் ஆசனம் மட்டும் இருந்தவரையில், ஒரு தடவை ஒரு சமூகமும் மறு தடவை மற்றைய சமூகமும் தம் சார்பில் ஒருவர் இல்லாமலே இருந்தன. 1960 இல் நடைமுறைக்கு வந்த எல்லை நிர்ணயத்தில் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக மாறியதன் காரணத்தை இங்கேயே தேட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த எல்லை நிர்ணயத்தின்போது நாடு முழுவதும் 145 தொகுதிகள் வரையப்பட்டு 151 அங்கத்தவர்கள் தெரிவாகினர். கொழும்பு மத்திக்கு மூன்று ஆசனங்களும், கொழும்பு தெற்கு, அக்குறணை, மூதூர், மட்டக்களப்பு ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு ஆசனங்களும் வழங்கப்பட்டன. ஐந்து தொகுதிகளில் இரண்டு கிழக்கில் இருந்தது தற்செயலன்று. இனத்தாலோ சமயத்தாலோ ஒன்றுபட்ட மக்கள் ஓரிடத்தில் கணிசமாக இருந்தும் பெரும்பான்மையாக இல்லாதபோது, அவர்களுக்கும் இடம் கிடைக்கும் வகையில் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட தொகுதியை அமைக்க யாப்பே இடமளித்திருந்தது. ஆயினும் எந்த ஆசனத்தையும் எந்தச் சமூகத்தின் பெயரிலும் அது எழுதி வைக்கவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு நகரின் தரையமைப்பை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாவி சூழ்ந்த புளியந்தீவு நடுவில் இருக்கிறது. பாலம் கடந்தால் ஒரு பக்கம் கோட்டைமுனை, மறு பக்கம் கல்லடி. கல்லடியிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் சிறிது தூரத்தில் காத்தான்குடி. வடக்கே போனால் ஏறாவூர். இரண்டு பெரிய முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் நகரமும் தமிழ்க் கிராமங்களும் கோத்த மணிகளைப்போலக் கிடக்கின்றன. நகரத்தைச் சேர்க்காமல் அவ்விரண்டு ஊர்களையும் ஒரு கோட்டுக்குள் கொண்டுவர எவராலும் முடியாது. நகரத்தைச் சேர்த்தபின் ஓர் ஆசனம் மட்டும் வைத்தால் பழைய சிக்கலே மீண்டும் வரும்.

இனி வாக்களித்த முறையைச் சொல்ல வேண்டும். தவறான எண்ணங்களுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. இரட்டை அங்கத்தவர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள், அதாவது வாக்குச் சீட்டில் இடும் இரண்டு புள்ளடிகள், இருந்தன. அவற்றை இரண்டு வேட்பாளர்களுக்கு ஒவ்வொன்றாக இடலாம். விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே இடலாம். இதனால் ஒரு சமூகம் தன் வாக்குகளைச் சிதறவிடாமல் ஒருவருக்கே குவித்தால், எண்ணிக்கையில் குறைந்திருந்தாலும் ஓர் ஆசனத்தைப் பெறக்கூடியதாக இருந்தது. அதேவேளை, அடுத்த ஊரவரின் இரண்டாவது புள்ளடியைக் கேட்டுப் பெறுவதற்கும் வழி இருந்தது. அண்மையில் என்னிடம் வந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர், 1977 ஆம் ஆண்டுப் பெறுபேற்று அட்டவணையைக் காட்டி, பதிவுசெய்யப்பட்ட வாக்காளரைவிட அளிக்கப்பட்ட வாக்குகள் எப்படி அதிகமாகும், இதில் கள்ள வாக்கு நடந்ததா என்று கேட்டார். ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அந்த அட்டவணைகள் இன்றும் விளக்கக் குறிப்பு எதுவுமின்றியே கைமாறுகின்றன.

1960 ஆம் ஆண்டின் இரண்டு தேர்தல்களிலும் இராசதுரையும் ஏ. எச். மாக்கான் மாக்காரும் தெரிவாகினர். 1965 இல் இராசதுரையுடன் ஐக்கிய தேசியக் கட்சியின் அப்துல் லத்தீப் சின்னலெப்பை தெரிவானார். இடையில் 1967 இல் மட்டக்களப்பு மாநகர சபையானபோது அதன் முதலாவது முதல்வர் (மேயர்) பொறுப்பையும் இராசதுரை ஏற்றார். 'சொல்லின் செல்வர்' என்று அவரை அழைத்த தலைமுறையில் இன்னும் சிலர் எங்களிடையே இருக்கிறார்கள்.

1970 இல் நடந்ததை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. என் தந்தையார் எழுதுவினைஞராகப் பணியாற்றி வந்தார். காத்தான்குடியிலிருந்து கைத்தறித் துணி கொண்டுவரும் வியாபாரி ஒருவர் பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வருவார். என் தந்தையாரை 'அண்ணன்' என்றே அழைப்பார். தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் வந்தபோது துணி மூட்டையை அவிழ்க்காமலே திண்ணையில் அமர்ந்து, "அண்ணன், ஒரு புள்ளடிய நீங்க நினைச்ச ஆளுக்குப் போடுங்க, மற்றத எங்கட ஆளுக்குத் தாங்க" என்று கேட்டார். தந்தையார் ஒப்புக்கொண்டார். என் தாயார் அன்று வாய் திறக்கவில்லை. பின்னர் தம் இரண்டு புள்ளடிகளையும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கே இட்டதாகச் சொன்னார். பெறுபேறு வந்தபோது இராசதுரையும், சுயேச்சையாக நின்ற இராஜன் செல்வநாயகமும் தெரிவாகியிருந்தனர். இரண்டாமவரைத் தமிழரசுக் கட்சியின் நிறுவுநரான தந்தை செல்வா (எஸ். ஜே. வி. செல்வநாயகம்) எனக் கருதிக் குழம்பும் இளையவர்களை நான் கண்டிருக்கிறேன். இருவரும் வேறு வேறானவர்கள். இரண்டு ஆசனங்களும் தமிழருக்கே போயின. ஆசனம் ஒதுக்கப்பட்டிருந்தது என்ற கூற்றைப் பொய்யாக்க இந்த ஒரு தேர்தலே போதும். அடுத்த கிழமை அந்த வியாபாரி வழக்கம்போல வந்தார். தேர்தலைப் பற்றி எதுவும் பேசவில்லை. என் தந்தையாரே பேச்சை எடுத்து, தாம் சொன்னபடி செய்ததாகக் கூறினார். "தெரியும் அண்ணன்" என்று மட்டும் சொல்லி அவர் மூட்டையை அவிழ்த்தார்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல வாழ்ந்தார்கள் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது பழகிவிட்டது. நான் கண்ட அளவில் அந்த உறவு, தேர்தல் காலத்தில் ஒருவர் மற்றவரின் திண்ணைக்குச் சென்று அமர்ந்து இரண்டாவது புள்ளடியைக் கேட்க வேண்டிய தேவை இருந்தவரையில்தான் அரசியலுக்குள் உயிரோடு இருந்தது. அந்தத் தேவையை உண்டாக்கியது தொகுதியின் அமைப்பு.

1976 ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்திலும் மட்டக்களப்பு இரட்டைத் தொகுதியாகவே தொடர்ந்தது. பொத்துவிலும் அவ்வாறே ஆக்கப்பட்டது. 1977 ஜூலை 21 ஆம் திகதி நான் முதன்முறையாக வாக்களித்தேன். அந்தத் தேர்தலில் தமிழர் தரப்பிலேயே இருவர் களத்தில் நின்றனர்: தமிழரசுக் கட்சியும் அங்கம் வகித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரையும், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தனும். ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் நின்றதை நகரம் முழுவதும் கண்டது. முடிவில் இராசதுரையும் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பையும் தெரிவாகினர். காசி ஆனந்தன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அந்தப் போட்டி விட்டுச்சென்ற மனக்கசப்பு ஆறவில்லை. 1979 இல் இராசதுரை அரசாங்கத்துடன் இணைந்து அமைச்சரானார். அவருடைய முடிவைப் பற்றி இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அவரை வஞ்சகர் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவருக்குப் புள்ளடி இட்டவர்களைக் கேளாமல் அவர் சென்றார் என்பதையும் மறுக்க முடியாது. முதல் வாக்கை அவருக்கு அளித்தவர்களில் நானும் ஒருவன்.

அதுவே அந்தத் தொகுதியின் கடைசி வாக்கெடுப்பு என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1978 ஆம் ஆண்டு யாப்பு, கட்சிகள் பெறும் வாக்குகளின் விகிதப்படி ஆசனங்களைப் பகிரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பரில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. ஆகவே பதினொன்றரை ஆண்டுகளுக்கு எங்களுக்குப் பொதுத் தேர்தலே இருக்கவில்லை. 1989 பெப்ரவரியில் மீண்டும் வாக்குச் சீட்டு கையில் கிடைத்தபோது, கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஐந்து அங்கத்தவர்களைக் கொண்ட ஒரே மாவட்டமாகியிருந்தன. மட்டக்களப்பு என்ற தொகுதிப் பெயர் இப்போது தேர்தல் இரவில் வானொலி பெறுபேறு வாசிக்கும்போது மட்டும் காதில் விழுகிறது.

விகிதாசார முறையை நான் குறைகூற வரவில்லை. ஐந்து ஆசனங்களில் பல தரப்பினருக்கும் இடம் கிடைக்கிறது; 2024 இலும் தமிழரசுக் கட்சிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று எனப் பங்கீடு அமைந்தது. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இன்று நாம் ஒரு கட்சிக்குப் புள்ளடி இட்டுவிட்டு, அதே கட்சிக்குள் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கிறோம். அந்த மூன்று விருப்பு வாக்குகளும் கட்சியின் வேலியைத் தாண்ட முடியாது. பழைய இரண்டாவது புள்ளடியோ கட்சியையும் ஊரையும் சமூகத்தையும் தாண்டக் கூடியதாக இருந்தது. எல்லோரும் அதை அவ்வாறு பயன்படுத்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் தாயாரே பயன்படுத்தவில்லை. ஆயினும் கேட்பதற்கு வழி இருந்தது. 1990 இல் எங்கள் இரு சமூகங்களுக்கும் இடையில் சிந்திய இரத்தத்தை எந்தத் தேர்தல் முறையும் தடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதன்பின் பேசத் தொடங்குவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது, அந்தக் காரணம் வாக்குச் சீட்டிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது.

எனவே, தொகுதிமுறையைக் கலந்த புதிய ஏற்பாடு எதையும் வரைபவர்கள், மட்டக்களப்பு நகரத்தையும் காத்தான்குடியையும் ஏறாவூரையும் ஒற்றை அங்கத்தவர் தொகுதிகளாகத் துண்டாடுவதற்கு முன், 1960 முதல் 1977 வரையான நான்கு பொதுத் தேர்தல் ஆண்டுகளின் பதிவுகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வாக்காளருக்கு ஆசனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்குகளை வழங்கும் பல அங்கத்தவர் தொகுதியை ஒரு தெரிவாகவேனும் முன்வைக்க வேண்டும் என்று எங்கள் மாவட்டத்தின் இன்றைய பாராளுமன்ற உறுப்பினர்கள் ஐவரையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பழைய எல்லை விபரங்களைத் தேடி நான் சென்ற ஓர் அலுவலகத்தில், இப்போது இல்லாத தொகுதிக்கு எதற்குக் கோப்பு என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஆகையால் தாங்களேனும் அந்தத் தேர்தல்களின் முழுப் பெறுபேறுகளை, ஒருவருக்கு இரண்டு வாக்கு என்ற குறிப்புடன், ஒரு நாள் வெளியிட வேண்டும்.

என் தந்தையார் சேர்த்து வைத்திருந்த தேர்தல் துண்டுப்பிரசுரங்களில் பெரும்பகுதி 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. 1970 ஆம் ஆண்டுக்குரிய சில மட்டும் ஒரு தகரப் பெட்டிக்குள் மிஞ்சியுள்ளன. அவற்றைப் படியெடுத்துப் பயன்படுத்த விரும்பும் எவருக்கும், தங்கள் அலுவலகத்துக்கும், நானே கொண்டுவந்து தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடியியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.