தொட்டிச் சுவரில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். கோவையிலிருந்து தருமபுரிப் பக்கம் கல்யாணமாகி வந்த புதிதில், போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. சோடா உப்பு போட்டுச் சமாளித்தேன். மாமியார், "உங்க ஊர் தண்ணிக்கு நாக்கு செத்துப்போச்சு" என்பார்.

சரி, உப்புக்கரிப்பாவது நாக்குக்குத் தெரியும். போர் தண்ணீரில் கரைந்திருந்து பல்லைக் கெடுக்கிற ஃபுளோரைடு தெரியாதே! காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பல் முளைத்து முடித்து வந்ததால் நான் தப்பித்தேன். இங்கேயே பிறந்த என் மகனுக்கு எட்டு வயதிலேயே முன்பல்லில் காவிக் கோடு. பல் விளக்காத பையன் என்று வாத்தியார் வகுப்பில் நிறுத்திவைத்திருக்கிறார்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய விடிவு. ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் எங்கள் தெருத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார்கள். எந்த நாளில் எது என்று குடத்தோடு நிற்கிற நமக்கு எப்படித் தெரியும்?

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. இதுதான் இந்தியத் தர அளவு. பரிசோதனையில் வந்த எண்ணையும் தேதியையும் தொட்டிச் சுவரிலேயே பெயின்டில் எழுதிவைக்கட்டும். தொட்டி கழுவிய தேதியை எழுத அங்கே ஏற்கெனவே கட்டம் போட்டிருக்கிறார்கள். அதுவும் காலியாகத்தான் கிடக்கிறது.

– ஒரு வாசகி, பென்னாகரம்