ஜிம்மியைக் கட்டியே வையுங்கள், அக்கா

அன்புள்ள அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லோருக்கும்,

ஜிம்மியைப் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், உடைந்த தொடையெலும்புக்குத் தகடு வைத்துக் கூட்டிவந்த வீடியோவை மருமகன் அனுப்பினான். பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு நாய்க்காகக் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் கண்டிவரைக்கும் வான் பிடித்துப் போனதை ஊரில் எப்படிக் கதைத்திருப்பார்கள் என்று தெரியும், மனிசருக்கே இல்லாத வைத்தியமாம் என்றிருப்பார்கள். கதைக்கட்டும். 2009இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது ட்ரக்டருக்குப் பின்னாலேயே ஓடிவந்து களைத்து நின்ற எங்கள் பழைய நாயை நீங்களும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. நீங்கள் செய்தது சரி.

போனில் சொன்னால் பாதி விடுபட்டுப்போகும், அதுதான் எழுதுகிறேன். இங்கே எங்கள் நாய் ரோசிக்குப் போன பனிக்காலத்தில் பின்னங்கால் முழங்காலில் சவ்வு கிழிந்து, கீழ்க்கால் எலும்பை அறுத்துச் சாய்வை மாற்றித் தகடும் திருகாணியும் வைத்தார்கள். டிபிஎல்ஓ என்று சொல்லுகிற ஒப்பரேசன். ஜிம்மிக்கு நடந்தது வேறு, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கிற பார்வை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருப்பது பேஸ்மென்ட். வாசலுக்குப் போகவே படி ஏற வேண்டும், வெளியே போனால் பனி, பனி உருக வீதியெல்லாம் உப்புப் போட்டிருப்பார்கள், அது நாயின் பாதத்தை எரிக்கும். துவாயை நீளமாக மடித்து வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு நுனியையும் ஒரு கையால் தூக்கிப்பிடித்துப் பின்பக்கத்தின் பாரத்தை நான் வாங்கிக்கொள்ள, முன்னங்கால்களால் அவள் ஒவ்வொரு படியாக ஏறுவாள். ஒன்றுக்குப் போய்விட்டு உடனே உள்ளே. பாதத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். நான் இரவு வேலை, மனைவி பகல் வேலை, ஆளை மாற்றி ஆள் வீட்டில் நிற்கிற மாதிரி ஷிப்டை மாற்றினோம், இடையில் யாரும் இல்லாத நேரத்துக்கு மேல்மாடியில் இருக்கிற பிலிப்பைன்ஸ் அம்மா தானாகவே இறங்கிவந்து பக்கத்தில் இருந்தா. ஒரே பாஷை இல்லாத மனிசி, எங்கள் நாய்க்காகத் தரையில் குந்தியிருந்ததை நான் எப்படி மறப்பேன்?

சரி, ஜிம்மிக்கு வருவோம். விறாந்தை மூலையில் தடியும் கோழிக்கூட்டு வலையும் வைத்து ஒரு சின்ன அடைப்புக் கட்டுங்கள், திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். உங்கள் சிவப்புச் சீமெந்துத் தரை வழுக்கும், அதனால் சாக்கு விரித்து நுனிகளை இழுபடாமல் செய்யுங்கள், ஒருமுறை கால் விரிந்து விழுந்தால் தகடு ஆட்டங்காணும். கழுத்தில் போட்ட கூம்பு சின்னதாகத் தெரிகிறது. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, வெட்டின விளிம்புக்குத் துணி சுற்றிப் போட்டுவிடுங்கள், நக்க விட்டால் தையல் பிரியும். தையல் வெட்ட 10 முதல் 14 நாள் ஆகும். எங்களுக்கு இங்கே இல்லாத கரைச்சல் உங்களுக்கு இலையான். காலையும் மாலையும் காயத்தை வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள், புழு வைத்தால் வேகமாகப் பரவும். மஞ்சளும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம்.

பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். புருபனும் அப்படித்தான். மனிசருடைய நோக் குளிசைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பழுதாக்கிவிடும். டொக்டர் தந்ததை மட்டும், சாப்பாட்டோடு.

இனித்தான் முக்கியமான விஷயம், அத்தானுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மூன்று கிழமையில் ஜிம்மி சுகமாகிவிட்டவன் மாதிரி நிற்பான், வாலாட்டுவான், படலை திறக்கிற சத்தத்துக்குத் துள்ளுவான். நோ குறைந்துவிட்டது, அவ்வளவுதான், எலும்பு பொருந்தவில்லை. வளர்ந்த நாய்க்கு அது பொருந்த 8 முதல் 12 கிழமை செல்லும். ரோசி அந்த நாட்களில் கதவைப் பார்த்து அழுதாள், மனைவியும் சேர்ந்து அழுதாள், நான் விடவில்லை. எங்கள் ஊரில் நாயை அடைத்து வைக்கிற பழக்கமே இல்லை, வளவு முழுக்க அவனுடையதுதான், பாவம் என்று யாராவது அவிழ்த்துவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். இங்கே ரொறன்ரோவில் நாயை வெளியே கொண்டுபோனால் கயிறு போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம், அதனால் ரோசி பழகிப்போனாள். ஜிம்மிக்குக் கயிறு புதுசு, உங்களுடைய பொறுமையில்தான் இருக்கிறது.

நடப்பது டொக்டர் சொன்ன பிறகுதான். முதலில் 5 நிமிஷம், கட்டைக் கயிற்றில், மெதுவாக. வேகமாக நடந்தால் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போவான், மெதுவாக நடந்தால்தான் ஊன்றுவான். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டலாம். அந்தத் தொடை மெலிந்துபோயிருக்கும், பயப்படவேண்டாம், ஊன்ற ஊன்றச் சதை வைக்கும். ஓடியாடாமல் கிடப்பதால் சோற்றைக் குறையுங்கள், பாரம் கூடினால் கால் தாங்காது. வாய்க்காலில் நீந்த விடுகிற யோசனை மருமகனுக்கு இருக்கிறதாம், நல்ல யோசனைதான், ஆனால் காயம் முழுக்க ஆறி, எக்ஸ்ரே பார்த்து, டொக்டர் ஓம் என்ற பிறகு.

ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கினாலோ, வீங்கினாலோ, நாற்றமடித்தாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ அன்றைக்கே டொக்டருக்குக் கோல் எடுங்கள், எனக்கல்ல.

எக்ஸ்ரேக்குத் திரும்பவும் பேராதனை போகிற வான் காசை நான் போடுகிறேன், அத்தானிடம் வாங்கவேண்டாம். ஜிம்மி நடக்கிறதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடாமல் எடுக்கச் சொல்லுங்கள், கூப்பிட்டால் ஓடிவருவான்.

அன்புடன்,
தம்பி