ஞாயிறு காலை: மழைநீர் சேகரிப்புக் குழிகள் தூர்வாருதல்

அனைவருக்கும் வணக்கம்.

பருவமழைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. நேற்று குழிகளைத் திறந்து பார்த்தோம். மேலே வேப்பஞ்சருகு, அடியில் சேறு, ஒன்றில் உடைந்த ஷட்டில் மட்டை!

2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தார் கட்டில் பீரோவை மாடிக்கு ஏற்றினார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்த்துவிடும். நம் பிள்ளைகள் காலத்தில் இது கூடுமே தவிரக் குறையாது. கொட்டுகிற நீரை நிலத்துக்குள் இறக்குவது நம் கையில் இருக்கிறது.

நாள்: செப்டம்பர் 20, ஞாயிறு, காலை 6.30
இடம்: பி பிளாக் பின்புறம்

1. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். மண்வெட்டி, பாண்டு இருந்தால் கொண்டு வாருங்கள்.
2. பின்புறம் நிற்கும் வண்டிகளைச் சனி இரவே எடுத்துவிடுங்கள்.
3. மணல், ஜல்லிக்கு வீட்டுக்கு 200 ரூபாய். பொருளாளரிடம் கொடுக்கவும்.
4. மொட்டைமாடியில் துணி துவைத்த சோப்பு நீரை மழைக்குழாயில் விடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
5. பெரிய பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நம் குடியிருப்புக் கிணற்றை நம்பி வாழப்போவது அவர்கள்தான். குழிக்குள் மட்டும் யாரும் இறங்க வேண்டாம், அதற்கு ஆள் வருகிறார்கள்.

வெள்ளி இரவு 9 மணிக்குள் வீட்டு எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். கட்டைவிரல் சின்னம் கணக்கில் வராது.

– செயலாளர்