மாரிக்கு முன் முன்சில்லைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி பிறந்தால் தை வரை வன்னியில் மழை. அந்த நாட்களில் சறுக்கி விழும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றுக்கு வேகத்தைவிட ரயரே காரணம். ரயர் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "எது கனகாலம் நின்று பிடிக்கும்?" என்பதைத்தான். ஈர வீதியில் எது பிடிக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே இதைப் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

கனகாலம் ஓடும் ரயரின் றப்பர் கடினமானது. மெதுவாகத் தேயும், ஆனால் ஈரமான தார் வீதியின் சிறு மேடுபள்ளங்களுக்குள் அது அமிழ்ந்து பற்றாது. மென்மையான றப்பர் நன்றாகப் பற்றும், ஆனால் விரைவில் தேயும். இரண்டு குணமும் முழுமையாக ஒரே ரயரில் கிடைப்பதில்லை. எங்கள் கருத்து இதுதான்: பின்சில்லுக்குக் கடினமானதைப் போட்டுப் பணத்தை மிச்சம் பிடியுங்கள், முன்சில்லில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிறேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பின்சில்லு இலேசாகிவிடுகிறது, வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும் பங்கு முன் ரயருக்கே வருகிறது. பின்சில்லு சறுக்கினால் காலை ஊன்றியோ ஹான்டிலைத் திருப்பியோ சில வேளை தப்பலாம். முன்சில்லு சறுக்கினால் அதற்கு நேரமே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நடப்பது நேர்மாறானது. பின் ரயர் விரைவாகத் தேய்வதால் அதை மாற்றுகிறோம். முன் ரயரில் தவாளிப்பு (நீரை வெளியேற்றும் பள்ளக் கோடுகள்) இன்னும் தெரிவதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். தவாளிப்பு இருந்தும் வெயிலில் காய்ந்து இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விட்ட ரயர் மழையில் பிடிக்காது. கழற்றிய பின் ரயரை முன்னே மாட்டும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. 2.75-17 (அகலம் 2.75 அங்குலம், றிம் 17 அங்குலம்) வர வேண்டிய முன் றிம்மில் 3.00-17 ஏறிவிடும்தான். ஆனால் வடிவம் மாறுவதால் வண்டி திரும்பும் தன்மை கெடும், மட்காட்டிலும் உரசக்கூடும்.

ரயரின் வயதைப் பார்ப்பது எளிது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தனியாகப் பொறித்திருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. புதிதென்று வாங்கும் ரயரிலும் இதைப் பாருங்கள். கடை வாசலில் வெயில்படத் தொங்கிய ரயர் ஓடாமலே முதுமை அடைகிறது. ஐந்து வருடம் கடந்த ரயரை ஒவ்வொரு மாரிக்கு முன்னும் வெடிப்பு, இறுக்கம் இரண்டுக்கும் சோதிக்க வேண்டும்.

தேய்வை அளக்க ஒரு தீக்குச்சியும் பிள்ளைகளின் அடிமட்டமும் போதும். குச்சியைத் தவாளிப்புக்குள் நிறுத்தி, றப்பரின் மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு அளவுங்கள். சில்லைச் சுற்றி மூன்று இடத்திலாவது, நடுப்பகுதியில் அளவுங்கள். ஏ-9 வீதியில் நேராகவே ஓடும் வண்டிகளின் ரயர் நடுவில் தட்டையாகிவிடும். ஓரத்தை மட்டும் பார்த்தால் புதிது போலவே தெரியும். அப்படித் தட்டையான ரயர் வளைவில் சாயும்போது திடீரென விழுவது போல வண்டியைச் சரிக்கும். தவாளிப்பின் அடியில் குறுக்காக உள்ள சிறு மேடுதான் தேய்வு எல்லை. பல மோட்டார் சைக்கிள் ரயர்களில் அது ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர். வரண்ட வீதிக்கு அதுவரை ஓடலாம் என்றாலும் மாரிக்கு அது போதாது. 2 மில்லிமீற்றருக்கு வந்தவுடன் மாற்றுவதே எங்கள் பரிந்துரை.

தேய்ந்த ரயரில் சூட்டுக் கத்தியால் தவாளிப்பு வெட்டித் தருபவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே வெட்டுவதற்கு றப்பர் மிச்சமில்லை. கத்தி உள்ளே இருக்கும் நூல் அடுக்கைத் தொட்டுவிடும். பாரத்தோடு சூடேறும்போது அந்த இடமே வெடிக்கும்.

எந்த வகைத் தவாளிப்பு என்பதுதான் வன்னியில் கடினமான கேள்வி. வீடு கிறவல் ஒழுங்கையில், வேலை தார் வீதியில். கட்டை கட்டையாக இடைவெளி விட்ட ரயர் கிறவலிலும் சேற்றிலும் நல்லது. ஈரத் தாரில் வீதியைத் தொடும் றப்பர் குறைவு, பிறேக் பிடிக்கும்போது கட்டைகள் நெளியும். ஒரு நாளில் எந்த வீதியில் அதிக தூரம் ஓடுகிறீர்கள் என்று கணக்கிட்டுத் தீர்மானியுங்கள். தூரம் சரிபாதி என்றால் பின்னே நெருக்கமான கட்டை உள்ளதும், முன்னே ஓரம்வரை நீரை வெளியேற்றும் தவாளிப்புள்ள வீதி ரயரும் பொருந்தும். ரயரில் அம்புக்குறி இருந்தால் சில்லு உருளும் திசையில் அது இருக்க வேண்டும். அவசரத்தில் மாறி மாட்டப்பட்டவை நிறைய ஓடுகின்றன.

எந்த ரயரானாலும் ஒழுங்கையின் செம்மண் சேறு தவாளிப்பை அடைத்தபடி தாரில் ஏறினால் அது மொட்டை ரயர்தான். முதல் நூறு மீற்றர் வண்டியைச் சாய்க்காமலும் கடும் பிறேக் பிடிக்காமலும் போங்கள். உழவு இயந்திரங்கள் வயலிலிருந்து ஏறும் பரந்தன்–புதுக்குடியிருப்பு வீதியோரங்களில் தார் மேலேயே சேறு படிந்திருக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து மிதக்கும் அரை மணி நேரம், நல்ல ரயருக்கும் மோசமானது.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்பது பிழை. காற்றுக் குறைந்தால் ரயரின் நடுப்பகுதி உள்ளே அமுங்கி, தவாளிப்பு மூடிக்கொள்ளும், நீர் வெளியேறாது. சேற்றில் போகக் குறைத்திருந்தால் தாருக்கு வந்தவுடன் அடிக்க வேண்டும். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு முன்னே 25, பின்னே தனியாள் என்றால் 28, இருவர் என்றால் 32 பிஎஸ்ஐ. வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரயர் ஆறியிருக்கும்போது, காலையில் அளப்பதே சரி.

3.00-17 ரயரில் 50P என்று இருந்தால் அது தாங்கும் ஆகக் கூடிய பாரம் 190 கிலோ. பின்சில்லில் இறங்கும் வண்டியின் பாரம் ஏறத்தாழ 60, ஓட்டுபவரின் பங்கு 45, ஆலைக்குப் போகும் இரண்டு நெல் மூட்டை 120 என்று வைத்தாலே 225 ஆகிவிடுகிறது. இப்படி ஏற்றும் வண்டியில் ரயர் தேய்வதற்கு முன் பக்கச் சுவர் போய்விடும்.

கம்பிச் சில்லுக்கு ரியூப் கட்டாயம். புது ரயருக்கு ரியூப்பையும் றிம் நாடாவையும் புதிதாகவே போடுங்கள். விரிந்துபோன பழைய ரியூப் உள்ளே மடிந்து, மடிந்த இடத்திலேயே கிழியும். அலோய் சில்லானால் அதில் ரியூப்லெஸ் என்று பொறித்திருந்தால் மட்டும் ரியூப் இல்லாத ரயர் போடலாம். அதில் முள்ளோ ஆணியோ ஏறினால் காற்று மெதுவாகவே இறங்கும். ரியூப் போல ஒரேயடியாகப் போகாது. பக்கச் சுவரில் ஏறிய துளைக்கு மட்டும் எந்த ஒட்டும் போடக்கூடாது.

புது ரயர் மேலே வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை மெதுவாக ஓடி அதைத் தேய்த்தெடுக்க வேண்டும். அதனால் மழை தொடங்கிய பின் மாற்றாமல் புரட்டாசியிலேயே மாற்றுங்கள். ரயர் விற்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: ரயர்களை வாசலில் வெயிலில் தொங்கவிடாதீர்கள், பற்றுச்சீட்டில் அந்த நான்கு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர்கள் சிலர்,
கிளிநொச்சி.