துணியை ஆற்றில் விட்டால் பீடை போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசி மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் ராஜஸ்தானில் இருக்கிற புஷ்கருக்குப் போய்வந்தோம். அஜ்மீரில் இறங்கி நாகமலையைத் தாண்டினால் பாலைவன ஓரத்தில் ஒரு ஏரி, சுற்றிலும் 52 படித்துறை, பக்கத்தில் பிரம்மா கோயில். கொடுமுடிக்காரனுக்குப் பிரம்மா புதுசில்லை, எங்கள் கோயிலிலேயே வன்னி மரத்தடியில் மூன்று முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், நாலாவது முகம் அந்த மரம்தான் என்பார்கள். அதே வன்னியைத்தான் அங்கே கேஜ்ரி என்கிறார்கள். மணல்காட்டில் அது நிற்கிற இடமெல்லாம் வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

எழுத வந்தது படித்துறையைப் பற்றி. நான் ஞாபகமில்லாமல் செருப்போடு ஒரு படி இறங்கிவிட்டேன், பூ விற்கிற கிழவி போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாஷை புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது. அப்புறம் ஒருவர் கையில் பூவைத் திணித்து, அப்பா அம்மா பேர் கேட்டு, சங்கல்பம் சொல்லி, கடைசியில் ஆயிரம் ரூபாயில் வந்து நின்றார். போகிறவர்கள் தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஏரித் தண்ணீர் ஒன்றும் பளிங்கு இல்லை, பச்சையாகத்தான் கிடக்கிறது. ஆனால் படியில் ஒரு பழந்துணி இல்லை. 2009இல் ஏரியே வறண்டு, அந்தக் கார்த்திகைப் பௌர்ணமிக்கு வந்த ஜனம் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனதாம். காய்ந்த ஏரியைப் பார்த்தவர்களுக்கு அருமை தெரியும். நமக்குத்தான் காவிரி எப்படியும் வந்துவிடும் என்ற நினைப்பு.

ஊர் திரும்பி அமாவாசைக்கு நம் படித்துறையில் முங்கி எழுந்தேன். காலில் வழவழவென்று ஏதோ சுற்றியது, பாம்பு என்று பதறி இழுத்தால் ஒரு சேலை, அதோடு முடிச்சுப் போட்டதுபோல இன்னொரு வேட்டி. குளித்த துணியை ஆற்றில் விட்டால் பீடை கழியும் என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பி ஆளாளுக்கு விட்டுவிட்டுப் போகிறோம், பவானி கூடுதுறையிலும் இதே கதைதான், நம் பீடை அடுத்தவன் காலில் சுற்றுகிறது.

ஆடி 18க்கு ஜனம் நெரியும். அதற்குள் படித்துறைக்கு நாலு பெரிய கூடையாவது வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். வைத்தால், துணியை அதில் போடச் சொல்லி அன்றைக்கு முழுக்க நானே நின்று கத்துகிறேன். அந்தக் கிழவி அளவுக்குச் சத்தம் வராது, பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொடுமுடி