கிண்ணத்துக்கு முன் பயிற்றுநர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் கிராமங்களில் நடைபெறும் உதைபந்தாட்ட, கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்குப் புலம்பெயர் உறவுகள் மனமுவந்து அனுப்பும் பணம் எவ்வழியில் செலவாகிறது என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

வட சுவீடனில், போத்னியா வளைகுடாக் கரையில், ஏர்ன்ஷேல்ட்ஸ்வீக் என்றொரு நகரம் உள்ளது. சனத்தொகை ஏறக்குறைய 30,000. அங்கு 1921 இல் தொடங்கப்பட்டு, பின்னர் உள்ளூர் மரக்கூழ் நிறுவனத்தின் பெயரை ஏற்றுக்கொண்ட மோடோ கழகத்திலிருந்தே பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மார்க்கஸ் நாஸ்லுண்ட், செடின் இரட்டையர் ஆகிய உலகறிந்த ஐஸ் ஹொக்கி வீரர்கள் உருவாகினர். 1994 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கனடாவுக்கு எதிராக ஃபோர்ஸ்பெர்க் ஒற்றைக் கையால் போட்ட கோலைச் சுவீடன் தபால்தலையாகவே வெளியிட்டது. 1999 இல் வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கின் புதுமுக வீரர் தெரிவில் 2ஆம், 3ஆம் இடங்களைச் செடின் சகோதரர் இருவருமே பெற்றனர். தொழிற்பிணக்கால் அந்த லீக் 2004–05 பருவம் முழுவதும் முடங்கியபோது, இந்நால்வரும் தமது பழைய கழகத்துக்கே திரும்பி வந்து விளையாடினர். இத்தனைக்கும் அக்கழகத்தின் ஆடவர் அணி தேசியச் சம்பியனானது 1979, 2007 ஆகிய இரு தடவைகள் மட்டுமே. அதன் பெயர் நிலைத்தது கிண்ணங்களால் அன்று, சிறுவயது முதல் வளர்த்தெடுத்த பிள்ளைகளால்.

செல்வந்த நாட்டையும் போரில் அனைத்தையும் இழந்த மண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதை அறிவேன். ஆயினும், நம்மிடம் வரும் பணமும் இறுதிப் போட்டியன்று ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை, ஆளுயரக் கிண்ணம் என ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறதே! மறுவாரம் கோல் கம்பத்தில் மாடு கட்டியிருக்கிறது. வலை கழகத் தலைவர் வீட்டு விறாந்தையில் சுருண்டு கிடக்கிறது. பாடசாலைப் போட்டிகளில் நன்றாக ஓடும் பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மைதானப் பக்கமே வருவதில்லை.

ஆகவே, நிதி வழங்குவோர் சுற்றுப்போட்டிச் செலவில் பாதியையேனும், அயற்கிராமக் கழகங்கள் சில கூடி நியமிக்கும் பயிற்றுநர் ஒருவரின் மாதக் கொடுப்பனவுக்கு ஒதுக்குமாறு நிபந்தனை விதிக்க வேண்டும். அப்பயிற்சி 12 வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகளுக்கே முதலில் கிடைக்க வேண்டும். கணக்கு விபரம் கழகப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.