நெஸ்லேயும் நெஸ்ட்லேயும்

பாளையங்கோட்டை

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உமது கடிதம் கிடைத்தது. பேத்திக்குச் சத்துமாவு வாங்கப் போன கடையில் நீர் ‘நெஸ்ட்லே’ என்று கேட்டதையும், ‘அது நெஸ்லே மாமா, நடுவில் ட் வராது’ என்று மருமகள் நாலு பேர் முன்னிலையில் திருத்தியதையும், அதன்பின் வீட்டில் எந்தப் பொருளின் பெயரையும் சொல்ல நீர் தயங்குவதையும் படித்துச் சிரித்தேன். ஆனாலும் இந்த வழக்கில் என் தீர்ப்பு உம் பக்கம்தான்.

அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் 1814-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவர். அங்கே அவர் பெயர் ஹைன்ரிஷ் நெஸ்ட்லெ. ‘ட்’ நன்றாகவே ஒலிக்கும். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதியில் குடியேறிய பிறகு, இருக்கும் ஊருக்கு ஏற்றபடி அவரே பெயரை மாற்றிக்கொண்டு ஆன்ரி நெஸ்லே ஆனார். இங்கிலாந்திலோ முந்தைய தலைமுறையினர் அதை ‘நெசில்ஸ்’ என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். ஆகவே உம் வாயில் வந்தது, அவரைப் பெற்றவர்கள் கூப்பிட்ட பெயருக்கு நெருக்கமானது என்று மருமகளிடம் தாராளமாகச் சொல்லலாம். 1947-இல் அந்த நிறுவனத்தோடு சேர்ந்த மேகியும் இப்படித்தான். அதை நிறுவிய சுவிஸ்காரரின் தந்தை இத்தாலியிலிருந்து வந்தவர் என்பதால், இத்தாலியர் வாயில் அது ‘மஜ்ஜி’; ஜெர்மன் பேசுவோரிடம் ‘மகி’; நம் பிள்ளைகளிடம் ‘மேகி’. லைஃப்பாய் சோப்பை எடுத்துக்கொண்டால் ஆங்கிலேயரும் அமெரிக்கருமே ஒத்துப்போவதில்லை. பின்பாதியை அவர் ‘பாய்’ என்பார், இவர் ‘பூயி’ என்பார்.

போன வாரம் மார்க்கெட்டில் நம் பழைய மளிகைக் கடையில் நின்றிருந்தபோது, ஒரு சிறுவன் தன் ஆச்சி எழுதிக் கொடுத்த சிட்டையை நீட்டினான். நோட்டுத் தாளைப் பாதியாகக் கிழித்து, பென்சிலால் அழுத்தி, ‘ஆர்லிக்சு 1, சர்பு அரைக் கிலோ, லைபாய் 4, போன்விட்டா சின்னது’ என்று எழுதியிருந்தது. அண்ணாச்சி அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையனிடம் ஒரு சொல்லும் கேட்காமல் நான்கையும் எடுத்து வைத்தார். அந்த ஆச்சியின் எழுத்தில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் இறுதியில் ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘ஹ’வும் ‘ஃப’வும் நம் நாவுக்குப் பிற்காலத்து விருந்தாளிகள் என்பதால் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. பள்ளிக்கூடம் சொல்லித் தராமலே வாய் கடைப்பிடிக்கும் இலக்கணம் இது.

நம் சீமையிலேயே, இடையன்குடியில் இருந்துகொண்டு 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட பாதிரியாரும், ஒரே எழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும் இடையில் மென்மையாகவும் ஒலிக்கும் தமிழின் இயல்பை விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பெயருக்கு நடுவே ஓர் உகரத்தைச் செருகிக் கால்டுவெல் என்று ஆக்கித்தான் நம்மவர்கள் வைத்துக்கொண்டார்கள். சேவியர் நம் ஊர்களில் சவேரியார் ஆனார். கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள் அந்தப் பெயரைக் குறைவாக நினைத்ததில்லை.

பெயரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒலிக்காகத் திருத்துவதில்லை என்பது என் எண்ணம். யார் எந்தப் பள்ளியில் படித்தார், யார் எந்த ஊர்க்காரர் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஜெர்மானியர் ‘அடிடாஸ்’ என்று முதல் அசையை அழுத்துவதைப் பற்றி யாரும் இங்கே சண்டை போடுவதில்லை. அமெரிக்கர் எப்படிச் சொல்கிறாரோ அதுவே சரி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். உம் மருமகளைக் குறை சொல்லவில்லை; அலுவலகத்தில் அவளை யாரேனும் இப்படித் திருத்தியிருப்பார்கள்.

நம் பெயரை மற்றவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதையும் நினைத்துப் பாரும். நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவரை இலை, மலச்சிக்கலுக்கு மருந்தாக வெளிநாடுகளுக்குப் போகிறது. அங்கே மருந்து நூல்களிலும் வியாபாரத்திலும் அதற்கு இன்றுவரை ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். திருவும் நெல்லும் வேலியும் அந்த வாயில் அடையாளம் தெரியாமல் போய்விட்டன. லண்டன் மருந்துக் கடையில் போய் நாம் யாரையும் திருத்தியதில்லை. மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டோம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். மூட்டுவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தீரே, அதன் பெயரைக் கடையில் வாயால் சொல்லிக் கேட்காதீர். ஓரெழுத்து மாறினால் வேறு நோய்க்கான மாத்திரையாகிவிடும் பெயர்கள் அந்த அலமாரியில் ஏராளம். டாக்டர் சீட்டை அப்படியே நீட்டும்; தீர்ந்துபோன பழைய அட்டையையும் கூடவே கொண்டுபோம்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்